விசிறிக்கொண்டே பேசியவர்

எங்கள் வீட்டில் பனையோலை விசிறி ஒன்று இருந்தது. ஓரம் நைந்து போகாமலிருக்கச் சிவப்புத் துணி வைத்துத் தைத்தது. அம்மா ஒரு மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போனபோது வாங்கி வந்தாள். அதை நினைக்கும்போது எனக்குக் காற்று ஞாபகம் வருவதில்லை. அதைப் பிடித்திருந்த கைதான் வருகிறது. மெழுகு பூசியது போன்ற கை. நகத்தில் பொட்டு அழுக்கு இருக்காது. நாங்கள் வேலை பார்த்த சரக்குக் கிட்டங்கியின் மேஸ்திரி கை அது. காலொடிந்து பாயில் கிடந்த என் அக்காவுக்கு அந்தக் கை நாள் தவறாமல் விசிறியது. ஒரு மேஸ்திரி, கூலிக்காரி வீட்டுச் சாணித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விசிறுகிறாரே என்று தெருவே மெச்சியது. பக்கத்து வீட்டுக்காரி, "யாருக்கு வரும் இந்த மனசு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். என் கையில் பலமில்லை, பல்லில்லை, காது ஒரு பக்கம் கேட்பதில்லை. அந்த விசிறியின் மேல் உள்ள கோபம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டி பஸ் போர்டு வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். மேஸ்திரியை 'அவன்' என்று எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், 'அவர்' என்றே போடு என்றேன். அது அவருக்குக் கொடுக்கும் மரியாதை இல்லை. அந்த ஆளுக்காக என் வாயை நான் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

உலகச் சண்டை நடந்த காலம். அப்பா கொழும்பில் ஒரு கடையில் நின்றார். கப்பல் போக்குவரத்து முன்னைப்போல் இல்லாததால் அவர் வருவதும் நின்று, தாக்கல், கடுதாசி வருவதும் நின்றுபோனது. அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கம் இருந்த நிலாவாரைக் கிட்டங்கிக்கு வேலைக்குப் போனோம். நிலாவாரை என்பது வயிற்றை இளக்குகிற இலை. சீமைக்காரர்களுக்கு அது மருந்து. செம்மண் தேரிக் காட்டுப் பக்கமிருந்து வண்டி வண்டியாக வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பழுப்பு வேறு, காம்பு வேறு, காய் வேறு, நல்ல இலை வேறு என்று பிரிப்போம். அந்தத் தூசி மூக்கில் ஏறினாலே போதும், புதிதாய் வந்தவள் அரைநாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். "என்னளா, சீமைக்குப் போக வேண்டிய மருந்த நீயே தின்னுட்டியா?" என்று சிரிப்போம். பிரித்த இலையை அமுக்கிச் சாக்குப் போட்டுத் தைத்தால் அது சிப்பம். சிப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை அடுக்குவதை அட்டி போடுவது என்பார்கள். அட்டி ஏறுவது ஆண்கள் வேலை. பெண்கள் அட்டிமேல் கால் வைக்கக் கூடாது என்பது அந்தக் கிட்டங்கியின் கண்டிப்பு. கிட்டங்கி முதலாளி, வெள்ளைக்காரத் தொரையே சொல்லி வைத்தது.

மேஸ்திரி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மற்றக் கிட்டங்கிகளில் கெட்ட வார்த்தை காதைப் பிய்க்கும். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைக்கு நடுவே நடப்பார். எங்கள் கை போகிற வேகத்துக்குத்தான் அவர் காலும் போகும். நடந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், மெல்லிய குரலில் பேசுவார். "காத்து வருது." நாங்கள் "ம்" என்போம். "கடல் இன்னைக்குச் சத்தமில்ல." "ம்." "இல நல்லா காஞ்சிருக்கு." "ம்." "கை தானா போகுது." "ம்." "இந்தக் குவியல முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கத் தோணுது." "ம்." அவ்வளவுதான். சங்கு ஊதி மற்றக் கிட்டங்கிப் பெண்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். நாங்கள் குவியலை முடித்துக்கொண்டிருப்போம். யாரும் எங்களை இருக்கச் சொன்னதில்லை. கேட்டால் நாங்களே இருந்தோம் என்றுதான் சொல்லியிருப்போம்.

நம் பக்கத்தில் ஒருவர் பேசும்போது கேட்கிறவர் ம் கொட்டவேண்டும். கொட்டாமல் இருந்தால் "என்ன, கல்லு மாதிரி இருக்கா" என்பார்கள். பிள்ளைக்குக் கதை சொன்னால்கூட, ம் நின்றால்தான் தூங்கிவிட்டது என்று தெரியும். அந்த மரியாதையைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். மறுக்க முடியாததை முதலில் சொல்வார். வெயிலை வெயில் என்றால் யார் இல்லை என்பார்கள்? அப்படி ம் போட்டுப் போட்டு வழுக்கலாகிவிட்ட இடத்தில், தனக்கு வேண்டியதை நைசாக இறக்கிவிடுவார். அதற்கும் ம் விழுந்துவிடும். அவர் கொழும்பில் மெஸ்மெரிசக்காரன் ஒருவனிடம் தொழில் படித்தவர் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வசிய மை வைத்திருக்கிறார், வலது காதுக்குப் பின்னால் தடவியிருக்கிறார் என்று ஒருத்தி சத்தியம் பண்ணினாள். மையுமில்லை, மண்ணுமில்லை. நம் வாயில் இருக்கிற ம்தான் அவர் மை.

அக்காவுக்குப் பதினெட்டு வயது. மாமன் மகனுக்குப் பேசி வைத்திருந்தோம். நல்ல உயரம், நல்ல வாய். வரிசையில் அவள் ஒருத்திதான் நடுவில், "சங்கு ஊதியாச்சு அண்ணாச்சி, எங்க வீட்டு அடுப்பு என்ன தானா எரியுமா?" என்று எழுந்து நிற்பவள். அப்போது எல்லோருக்கும் தூக்கம் கலைந்த மாதிரி இருக்கும். மேஸ்திரியும் சிரித்துக்கொண்டே வழி விடுவார்.

அது ஐப்பசி அடைமழை. மத்தியானச் சோற்றுக்குப் பெண்களெல்லாம் பக்கத்து ஓலைச் சாய்ப்புக்குப் போயிருந்தார்கள். சுமைக்காரர்கள், கப்பலுக்குத் தோணியில் சரக்கு ஏற்ற வேண்டுமென்று படகுத்துறைப் பாலத்துக்குப் போய்விட்டார்கள். நானும் அக்காவும் மட்டும் சிந்திய இலையைக் கூட்டிக்கொண்டிருந்தோம். கூரையில் ஓடு விலகி மேல் சிப்பத்தில் தண்ணீர் சொட்டியது. மேஸ்திரி வந்து அண்ணாந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. அந்த ஓட்டை மாற்ற வேண்டுமென்று சுமைக்காரர்கள் அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். அக்காவிடம், "ஏறி அந்தத் தார்ப்பாய இழுத்து மூடு தாயி" என்றார்.

அக்கா, "மாட்டேன் அண்ணாச்சி" என்றாள். "அடிச் சிப்பம் ஊறிக் கெடக்கு, அட்டி ஆடுது. பொம்பளைங்க ஏறவும் கூடாது."

"ஒண்ணும் ஆடல. ஏறு."

"மாட்டேன்."

அன்றைக்கு மட்டும் அவருக்கு வெயில், காற்று, கடல் என்று பேச நேரமில்லை. கையிலிருந்த குடையால் அட்டியைத் தட்டி, "ஏறுதியா, நாளைக்கு நீங்க மூணு பேரும் வீட்டுல கெடக்கியளா?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். அம்மாவை நினைத்திருப்பாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். தார்ப்பாயில் கை வைத்ததும் அட்டி வயிறு தள்ளிச் சரிந்தது. அவள் விழுந்தாள், அவள் காலின்மேல் சிப்பங்கள் விழுந்தன. எலும்பு முறிந்த சத்தம் மழைச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது.

கால் கட்டுகிறவர் வந்து உளுந்தும் முட்டையும் குழைத்துப் பத்துப் போட்டு மூங்கில் வைத்துக் கட்டினார். தொரை வெளியூர் போயிருந்தார். வந்ததும் விசாரிப்பார் என்று பேச்சு. மேஸ்திரிதான் பெண்ணை ஏற்றினார் என்று தெரிந்தால் அவர் வேலை அன்றைக்கே போகும். மறுநாள் மத்தியானம் மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். "நீ அடுப்பப் பாரும்மா" என்று விசிறியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்காவுக்குக் காய்ச்சல். வலி அடங்கப் போட்ட கஷாயம் வேறு கண்ணைச் செருகும். அவர் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விசிறியும் அதே கணக்கில் ஏறி இறங்கியது. குரலும் அதே கணக்கில் வந்தது.

"மழ விட்டுட்டு."

"ம்."

"அம்ம கருப்பட்டிக் காப்பி போடுதா. வாசம் வருது."

"ம்."

"காலு கனமா இருக்கு."

"ம்."

"கண்ணும் கனமா இருக்கு."

"ம்."

"அன்னைக்கும் மழதான்."

"ம்."

"மேல இல நனைஞ்சுது."

"ம்."

"நீ அண்ணாந்து பாத்துட்டே நின்ன."

"ம்."

"ஐயோ, நாம பிரிச்ச இலையாச்சேன்னு ஒனக்கு மனசு கேக்கல."

அக்கா ம் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கினாள். அவர் வற்புறுத்தவே இல்லை. திரும்பவும் காப்பி வாசத்துக்குப் போனார், தெருவில் போகிற வண்டிச் சத்தத்துக்குப் போனார். விசிறி நிற்கவே இல்லை. மறுநாள் அந்த ம் விழுந்தது. அதற்கடுத்து, "கால் தானா மேல ஏறுச்சு" என்பதற்கும் விழுந்தது. கடைசியில் ஒரு நாள், "நான்கூட, ஏறாத தாயின்னு கத்துனேனே" என்றார். நான் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அக்கா "ம்" என்றாள். அடுப்படியிலிருந்து இன்னொரு ம் கேட்டது. அது என் வாயிலிருந்துதான் வந்தது. என் கண் முன்னால் நடந்ததை மாற்றிச் சொல்கிறார், நானே ம் கொட்டுகிறேன்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சிரட்டைக் கரண்டியைப் போட்டு உடைத்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அவர் திரும்பிப் பார்த்து, "சின்னப்புள்ளைக்கு அக்கா கெடக்கதப் பாத்து மனசு தாங்கல" என்றார். அதற்கு அம்மா ம் என்றாள்.

தொரை ஊர் வந்ததும் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். நிலைப்படி தட்டும் என்று குனிந்து, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் குமாஸ்தா. மேஸ்திரி பின்னால், விசிறியும் கையுமாக, தரையைப் பார்த்துக்கொண்டு. தெருவே கூடிவிட்டது. யார் ஏறச் சொன்னது என்று தொரை கேட்பதாகக் குமாஸ்தா சொன்னார். அக்கா தெளிந்த குரலில், "நானாத்தான் ஏறினேன். அண்ணாச்சி ஏறாதன்னு கத்துனாரு. நான்தான் கேக்கல" என்றாள்.

"பொய்!" என்று நான் கத்தினேன். "அவருதான் ஏறச் சொன்னாரு. வேலைய விட்டு நிறுத்திருவேன்னாரு. அக்கா மாட்டேன்னு சொன்னா!"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பயந்துபோய்ப் பொய் சொல்கிறவள் பார்வையாக அது இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "அவ சின்னவ தொர. பயந்துபோயிச் சொல்லுதா. ஏளா, அண்ணாச்சி மேல அபாண்டம் சொல்லாத. பாவம்ளா" என்றாள். மனதார நம்பிச் சொன்னாள். காலை ஒடித்தது போதாதென்று, அது எப்படி ஒடிந்தது என்கிற நினைப்பையும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். தொரை தலையை ஆட்டிவிட்டு, எத்தனை சிப்பம் நனைந்தது என்று குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டே போனார்.

கால் கோணலாகக் கூடியது. மாமன் வீட்டில் அதைக்கூடப் பெரிதாகச் சொல்லவில்லை. "நொண்டியா இருந்தா இருக்கட்டும். பெரியவங்க கத்தக் கத்த அட்டியில ஏறுன புள்ள, எங்க வீட்டுல சொன்ன பேச்சுக் கேக்குமா?" என்று அத்தை சொல்லியனுப்பினாள். கல்யாணம் நின்றது. செய்யாத அடங்காமைக்குத்தான் நின்றது. அக்கா அதற்கும், "சரிதான, என் புத்திக்கு வந்தது" என்றாள். பிறகு எதற்கெடுத்தாலும் அதுதான் அவள் பேச்சு. பால் பொங்கினாலும் என் புத்திக்கு வந்தது, குடம் உடைந்தாலும் என் புத்திக்கு வந்தது.

எனக்குக் கல்யாணமாகி, அம்மாவும் போனபின், அவள் என்னோடுதான் இருந்தாள். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் வாயாடியாக இருந்த என் அக்கா வாயில் 'மாட்டேன்' என்ற சொல் அதற்குப் பிறகு வரவே இல்லை. பசிக்காவிட்டாலும் வைத்ததைச் சாப்பிடுவாள். காய்ச்சலோடு தண்ணீர் எடுக்கப் போகச் சொன்னாலும் போவாள். என் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைப் புத்திமதியாகச் சொல்வாள். சொல்லச் சொல்ல அதற்குக் கையும் காலும் முளைத்தன. மேஸ்திரி கத்திக்கொண்டே ஓடி வந்தாராம், அவள் விழாமல் பிடிக்கக் கையை நீட்டினாராம். நான் எத்தனையோ முறை சண்டை போட்டேன். "நீ அப்பச் சின்னவ" என்று என் தலையைத் தடவுவாள். விசிறியை அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்தாள், பெரிய மனுஷர் கைபட்டது என்று. அம்மாவின் பதினாறாம் நாள் அதை நான் அடுப்பில் வைத்தேன். ஓலை நன்றாக எரிந்தது. அதற்கு முன்பே மேஸ்திரி செத்துப்போயிருந்தார். ஊரே கூடித் தூக்கியது. நான் போகவில்லை. அக்கா போனாள், அந்தக் காலை இழுத்துக்கொண்டு, சுடுகாட்டு முக்கு வரைக்கும்.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், எங்கள் மாடியில் குடியிருக்கும் பையன்தான் காரணம். மனை விற்கிற கம்பெனியில் வேலை. போன வருடம் ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு வந்து, பூரித்துப்போய்ச் சொன்னான்: "ஆச்சி, எதிர்ல இருக்கவங்க எப்படி மூச்சு விடுதாங்களோ அப்படியே நாமளும் விடணும். அவங்க ஆமான்னு சொல்லுத மாதிரியே மொதல்ல நாலு விஷயம் பேசணும். அப்புறம் நாம நெனைச்சதச் சொன்னா, அதுக்கும் ஆமான்னுதான் வரும். ஹிப்னாடிசம் ஆச்சி! தெரியாமலே செஞ்சிரலாம்."

"இதுக்குப் பள்ளிக்கூடம் வேறயா?"

"சர்ட்டிபிகேட்டே குடுக்காங்க."

"எங்க மேஸ்திரிக்குக் குடுத்திருந்தா கிட்டங்கிச் சுவரு பத்தாதுடா" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ஒருத்தர் களவாகச் செய்ததை இன்றைக்கு நாற்காலி போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். "ஒருத்தர் மனசுக்குள்ள போகணும்னா வாசல்ல நின்னு கூப்பிடு. அவங்க கதவத் தொறந்தா போ. ஓட்டப் பிரிச்சு எறங்குனா அதுக்கு என்ன பேருடா?" என்றேன். ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது என்று மாடிக்கு ஓடிவிட்டான். ஆனால் அவன் சொன்னது என் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. அக்கா மனதில் ஏறின பொய்யை, ஏறின வழியிலேயே இறக்கவும் முடியுமோ?

இந்த வருடம் பங்குனி வெயில். அக்கா படுக்கையோடு ஆகிவிட்டாள். டாக்டர் இனி மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மத்தியானம் கரண்ட் போனது. நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த பிளாஸ்டிக் விசிறியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், அவள் மூச்சுக் கணக்கில் என் கை போகிறது. போகட்டும் என்று விட்டேன். திருடிப் போனதைத் திருடித்தான் மீட்க வேண்டுமென்றால் மீட்போமே என்று ஒரு வெறி.

"கரண்ட் போயிட்டு."

"ம்."

"வெளிய வெயிலு."

"ம்."

"கிட்டங்கியில அன்னைக்கு மழ."

"ம்."

"நீயும் நானும் இல கூட்டிட்டு நின்னோம்."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் லேசாகச் சிரித்தது. "ஏளா, நீயும் மேஸ்திரி அண்ணாச்சி மாதிரியே பேசுத" என்றாள்.

என் மேல் வெந்நீர் கொட்டியது மாதிரி இருந்தது. விசிறியைத் தூக்கி எறிந்தேன். "நான் ஒண்ணும் அவர மாதிரிப் பேச மாட்டேன்!" என்று கத்தினேன். மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். "இந்தா, கண்ணத் தொற. என் மொகத்தப் பாரு. ம் கொட்டாத. நம்புனா நம்பு, நம்பாட்டி போ. அவருதான் ஏறச் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னேன். நீ மாட்டேன்னு சொன்ன."

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வழக்கம்போல் என் தலையைத் தடவக் கை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"மாட்டேன்னா சொன்னேன்?"

"ஆமா."

"அண்ணாச்சிகிட்டயா?"

"மொகத்துக்கு நேர. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ."

அவள் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ஞாபகம் வந்ததா என்றும் தெரியாது. நான் கேட்கவுமில்லை. உதடு மட்டும் அசைந்தது. சத்தமில்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. மருமகள் என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சியைக் கொண்டுவந்து, "பெரியம்மா, ஒரு வாய் குடிங்க" என்று கரண்டியை நீட்டினாள்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மாட்டேன்" என்றாள்.

மருமகள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். வற்புறுத்தாதே என்று கையைக் காட்டினேன். கரண்ட் இன்னும் வரவில்லை. அக்காவின் கழுத்தில் வேர்வை வழிந்தது. மூலையில் கிடந்த விசிறியை எழுந்து போய் எடுத்துவந்தேன். ஒன்றும் பேசாமல் விசிறினேன்.